ஊருக்குப் பெரிய திட்டம் வந்தால்: உயிர்ச்சூழல் ஆய்வும் உங்கள் 30 நாட்களும்

யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய கட்டுமானம் வரப்போகிறது என்றால் முதலில் எழும் கேள்வி காணி யாருடையது என்பது. அடுத்தது, வேலை யாருக்குக் கிடைக்கும் என்பது. அந்த இடத்தில் ஏற்கனவே என்னென்ன உயிர்கள் வாழ்கின்றன, கட்டி முடிந்தபின் அவை எங்கே போகும் என்ற கேள்வி கடைசியாக வரும். பல வேளைகளில் வருவதே இல்லை. ஆனால் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட திட்டங்களில் அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் தரப்பட வேண்டும் என்று இலங்கைச் சட்டம் சொல்கிறது. அந்தப் பதிலைப் படிக்கவும், பிழை கண்டால் எழுதிக் கொடுக்கவும் ஊர்ச் சனத்துக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் இந்த விளக்கம்.

அடிப்படைச் சட்டம் 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம். திட்டங்களுக்கு முன்கூட்டியே சுற்றாடல் அங்கீகாரம் பெற வேண்டும் என்ற பகுதி 1988 திருத்தத்தில் சேர்ந்தது. எந்தெந்தத் திட்டங்களுக்கு என்ற பட்டியல் 1993 யூன் 24 ஆம் திகதிய 772/22 இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வெளிவந்தது. பிறகு சில திருத்தங்கள் வந்தன. இந்தப் பட்டியலில் உள்ளவற்றை விதிக்கப்பட்ட கருத்திட்டங்கள் என்பார்கள்.

நமது பக்கத்துக்குப் பொருந்தும் சிலவற்றைச் சொல்கிறேன். காட்டு நிலத்தில் 1 ஹெக்டேயருக்கு மேல் வேறு தேவைக்கு மாற்றுவது. நமது கணக்கில் அது கிட்டத்தட்ட 40 பரப்பு, அப்படி ஒன்றும் பெரிய நிலமல்ல. ஈரநிலத்தை 4 ஹெக்டேயருக்கு மேல் நிரப்புவது, அதே 4 ஹெக்டேயருக்கு மேல் நீர்வாழ் உயிரின வளர்ப்புப் பண்ணை அமைப்பது. 4 ஹெக்டேயர் என்றால் ஏறத்தாழ 10 ஏக்கர். 50 மெகாவாட்டுக்கு மேற்பட்ட புதுப்பிக்கத்தக்க மின் நிலையங்கள், 10 கிலோமீற்றருக்கு மேல் நீளும் உயர் அழுத்த மின்கம்பி வழிகள், மீன்பிடித் துறைமுகங்கள், 99 அறைகளுக்கு மேற்பட்ட ஹோட்டல்கள் எல்லாம் பட்டியலில் உண்டு.

இந்த அளவுகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கடலட்டைப் பண்ணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று தனித்தனி ஆட்களின் பெயரில் வரும்போது எந்தப் பண்ணையும் 10 ஏக்கரைத் தொடுவதில்லை. ஆனால் ஒரே களக்கடலில் வரிசையாக வேலி நட்டால் கடற்புல் தரைக்கும், பாடுகள் எனப்படும் கரைவலை இழுக்கும் இடங்களுக்கும், நீரோட்டத்துக்கும் வரும் பாதிப்பு மொத்தப் பரப்புக்கு உரியது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் அது கண்ணில் படாது. திட்டங்களின் கூட்டுத் தாக்கத்தைப் பற்றிக் கேள்வி எழுப்புவது நியாயமான கருத்து. கடற்றொழிலாளர் சங்கங்கள் அதை எழுத்தில் கேட்க வேண்டும்.

அளவு சிறிதென்றாலும் இடம் பெரிது

திட்டம் சிறியது என்பதால் எல்லாம் முடிந்துவிடாது. அது எங்கே அமைகிறது என்பதையும் சட்டம் பார்க்கிறது. 1937 ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, தேசிய ஒதுக்கிடம் ஒன்றின் உள்ளேயோ அதன் எல்லையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள்ளேயோ அபிவிருத்தி வேலை செய்வதற்கு வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களப் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி முன்கூட்டியே வேண்டும். தேசியப் பூங்காவும் இயற்கை ஒதுக்கிடமும் இந்த வகைக்குள் வருகின்றன.

நமக்கு அருகில் எவை? சுண்டிக்குளம் 1938 முதல் பறவைகள் சரணாலயமாக இருந்து 2015 இல் தேசியப் பூங்கா ஆனது. நெடுந்தீவிலும் 2015 இல் ஒரு தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் இயற்கை ஒதுக்கிடம் இருக்கிறது. நெடுந்தீவு போன்ற சிறு தீவில் ஒரு மைல் என்பது பெரிய தூரம். அங்கே ஒரு சிறிய சூரிய மின் நிலையமோ இறங்குதுறையோ வந்தாலும் முதலில் வரைபடத்தை விரித்து அந்த ஒரு மைலை அளந்து பார்க்க வேண்டும்.

கரையோரம் வேறு கணக்கு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கச் சட்டப்படி, உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றரும் தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடல்பக்கம் 2 கிலோமீற்றரும் கரையோர வலயம். கடலோடு தொடுப்புள்ள களப்புகளுக்கு எல்லை வேறு விதமாக அளக்கப்படும். இந்த வலயத்துக்குள் முழுதாக அமையும் வேலைக்கு கரையோரத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். சுற்றாடல் மதிப்பீடு தேவையா என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். தீவகத்திலும் வடமராட்சிக் கரையிலும் வருகிற பல திட்டங்கள் இந்தக் கதவால்தான் போக வேண்டியிருக்கும். ஆகவே தேசிய சுற்றாடல் சட்டத்தைச் செயற்படுத்தும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையில் மட்டும் விசாரித்துவிட்டு ஒன்றும் இல்லையாம் என்று திரும்பி வராதீர்கள்.

இன்னொரு குழப்பம்: தொழிற்சாலைகள் எடுக்கும் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் வேறு, நாம் பேசும் சுற்றாடல் அங்கீகாரம் வேறு. அந்த உரிமம் தொழிற்சாலை இயங்கும்போது வெளிவிடும் கழிவு, புகை, சத்தம் பற்றியது. இது கட்டுவதற்கு முன்னமே பெற வேண்டியது.

யார் ஆய்வு செய்கிறார்கள்?

திட்டத்தைக் கொண்டு வருபவர் அடிப்படைத் தகவல்களைப் படிவத்தில் நிரப்பிக் கொடுப்பார். அங்கீகாரம் தர வேண்டிய நிறுவனம் அதைப் பார்த்து, ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை போதுமா, விரிவான சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டுமா என்று முடிவெடுக்கும். என்னென்ன ஆராய வேண்டும் என்ற வரையறையையும் எழுத்தில் கொடுக்கும். அங்கீகாரம் தரும் நிறுவனமே திட்டத்தின் சொந்தக்காரராகவும் இருந்தால் அது தனக்குத் தானே அனுமதி கொடுக்க முடியாது. அந்தப் பொறுப்பு வேறு நிறுவனத்துக்குப் போகும்.

பிறகு ஆலோசகர்கள் வருகிறார்கள். பொறியியல், நீரியல், சமூகவியல் ஆட்களோடு ஒரு தாவரவியலாளரும் ஒரு விலங்கியலாளரும் குழுவில் இருப்பார்கள். கடல் சம்பந்தப்பட்டால் கடல் உயிரியலாளரும் வேண்டும். இவர்களுக்குச் சம்பளம் தருபவர் திட்டத்தைக் கொண்டு வருபவர்தான். இது இந்த முறையின் பலவீனம், மறைக்கத் தேவையில்லை. அதற்காக ஆய்வாளர் எல்லாரும் காசுக்கு எழுதுகிறார்கள் என்று சொல்வது அநியாயம். வெயிலில் சேற்றில் நின்று நேர்மையாக எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அறிக்கையைச் சரிபார்க்க அங்கீகார நிறுவனம் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழு ஒன்றையும் அமைக்கும். ஆனால் அந்தக் குழுவில் இருப்பவர்களுக்கு சரசாலையில் எந்த மாதம் தண்ணீர் நிற்கும், கப்பூது வெளிக்கு வாத்துகள் எப்போது வரும் என்று தெரிந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அது உங்களுக்குத் தெரியும்.

எந்த மாதத்தில் எண்ணினார்கள்?

அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கங்களில் வரும். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் தாவர, விலங்கின அத்தியாயத்தைத் திறந்து ஒரு விடயத்தை மட்டும் தேடுங்கள்: களஆய்வு நடந்த திகதிகள்.

நமது குடாநாட்டுக்கு மழை ஒக்டோபர் முதல் டிசம்பர், ஜனவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடுதான் பெருமளவு கிடைக்கிறது. அந்தக் காலத்தில் தரவைகளும் வெளிகளும் நிரம்பும். தொண்டைமானாறு, உப்பாறு பக்கங்களில் உவர்நீரோடு மழைநீர் கலக்கும். மத்திய ஆசியப் பறவை வழியாக வடக்கேயிருந்து வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, நாமத்தலை வாத்து, கருவால் மூக்கன் எல்லாம் அந்த நேரத்தில்தான் இறங்கும். ஏப்ரலுக்குள் பெரும்பாலும் போய்விடும். யூலை, ஓகஸ்டில் அதே இடம் வெடித்த உவர் மண். ஆடு மாடு நிற்கும், காற்று அடிக்கும். அந்த மாதத்தில் ஒரு குழு போய் எண்ணினால் "உயிரினப் பல்வகைமை குறைவு, குறிப்பிடத்தக்க வாழிடம் இல்லை" என்றுதான் எழுதும். எழுதியது பொய்யாக இருக்காது. ஆனால் அந்த வரியை வைத்து ஒரு களப்பை நிரப்பிவிட முடியும். ஆகவே மழைக்காலத்திலும் வறட்சியிலும் ஆய்வு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். செய்யப்படவில்லை என்றால் அதையே உங்கள் கருத்தின் முதல் பந்தியாக எழுதுங்கள்.

நேரமும் முக்கியம். பகலில் மட்டும் நடந்தால் வௌவால், ஆந்தை, நரி, தவளை எதுவும் பட்டியலில் வராது. பூநாரைகள் இரவிலும் பறக்கும், இருட்டில் அவை மின்கம்பியில் மோதலாம். காற்றாலைத் திட்டத்தில் காற்றாடி அலகைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு கம்பி வழியைப் பற்றி ஒரு பந்தியோடு முடித்திருந்தால் ஆய்வு பாதி என்று அர்த்தம்.

இனங்களின் பட்டியலைப் பார்க்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அழியும் ஆபத்தில் உள்ள இனங்களைக் காட்டும் தேசிய செம்பட்டியலில் அதன் நிலை என்ன என்று குறித்திருப்பார்கள். முழுப் பட்டியல் 2012 இல் வந்தது, தாவரங்களுக்கு 2020 இல் புதியது வந்தது. பழையதை வைத்து எழுதியிருந்தால் சுட்டிக்காட்டுங்கள். பட்டியல் வேறெங்கோ இருந்து எடுத்து ஒட்டப்பட்டதா என்பதும் ஊர்க்காரருக்குச் சீக்கிரம் பிடிபடும். தென்பகுதி ஈரவலயத்து மரம் ஒன்றை அரியாலைக் கரையில் கண்டதாக எழுதியிருந்தால் அந்த அத்தியாயம் முழுவதிலும் சந்தேகம் வர வேண்டும். மறுபக்கம், கவுதாரி, கரிச்சான், நட்சத்திர ஆமை, கரையோரக் கண்ணாவும் கண்டலும் என்று நாம் அன்றாடம் காண்பவை விடுபட்டிருந்தால் அதையும் எழுதலாம்.

அடுத்து, மாற்று வழிகள். வேறு இடம், வேறு வடிவம் என்று குறைந்த பாதிப்புள்ள மாற்றுகள் எவை, அவை ஏன் கைவிடப்பட்டன என்று அறிக்கை சொல்லியாக வேண்டும். இது சட்டத்தின் வரைவிலக்கணத்திலேயே இருக்கிறது. பல அறிக்கைகளில் இந்தப் பகுதிதான் மெலிந்திருக்கும். "பாதிக்கப்படும் கண்டல்களுக்குப் பதிலாக வேறிடத்தில் நடப்படும்" என்ற வரி வந்தால், எங்கே, எந்த இனம், எத்தனை வருடம் பராமரிப்பு, யார் செலவு என்று கேளுங்கள். வளர்ந்த கண்டலில் மீன் குஞ்சும் இறாலும் ஒதுங்குவதற்கு நாற்று நட்ட வரம்பு ஈடாகாது.

30 நாட்கள்

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரானதும் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிப் பத்திரிகைகளில் ஒவ்வொன்றிலும் அறிவித்தல் வர வேண்டும். எங்கே, எந்த நேரத்தில் அறிக்கையைப் பார்க்கலாம் என்பது அதில் இருக்கும். வழமையாக உள்ளூரில் பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் ஒரு பிரதி வைப்பார்கள். அறிவித்தல் வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் யாரும் கருத்து அனுப்பலாம். காணிச் சொந்தக்காரராகவோ படித்தவராகவோ இருக்கத் தேவையில்லை. பொதுநலன் கருதி வாய்மொழி விசாரணை ஒன்று வைக்கவும் அங்கீகார நிறுவனத்தால் முடியும். கருத்துக் கடிதத்திலேயே அதைக் கேட்டுவிடுங்கள்.

2000 ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்த 30 நாள் நடைமுறை பெரிய மதிப்பீட்டுக்கு மட்டும்தான் கட்டாயம். ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை அறிக்கை பொது ஆவணம். கேட்டால் காட்ட வேண்டும், ஆனால் விளம்பரம் உங்களைத் தேடி வராது. ஒரு திட்டத்தின் பேச்சு காதில் விழுந்ததும் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்து வையுங்கள். கதவு திறக்கவில்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

கருத்தை எப்படி எழுதுவது? "இந்தத் திட்டம் வேண்டாம்" என்று நூறு பேர் கையெழுத்து வைத்த கடிதத்தை விட, பக்க இலக்கத்தைக் குறித்து, அங்கே எழுதியிருப்பது இது, நாங்கள் கண்டது இது, இத்தனையாம் திகதி எடுத்த படம் இது என்று ஒருவர் எழுதிய இரண்டு பக்கத்துக்குக் கனம் அதிகம். ஏனென்றால் வந்த கருத்துகள் திட்டத்தைக் கொண்டு வருபவரிடம் அனுப்பப்படும், அவர் அவற்றுக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். குறிப்பான கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் அது கோப்பில் நிற்கும். பின்னால் நீதிமன்றம் போக நேர்ந்தால் அந்தக் கோப்புத்தான் பேசும். எந்தப் பாட்டில் எந்தக் காலத்தில் என்ன மீன் படும் என்று கடற்றொழிலாளர் வாயால் சொல்வதை ஒரு மாணவர் எழுதி வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால் அதை ஆய்வாளரும் தட்டிக்கழிக்க முடியாது.

மன்னார் தீவின் 250 மெகாவாட் காற்றாலைத் திட்டத்தின் அறிக்கை 2024 ஆரம்பத்தில் இப்படிக் கருத்துக்கு விடப்பட்டது. பறவை வழி பற்றிய ஆட்சேபங்கள் எழுந்து, வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயின. திட்டத்தைக் கொண்டு வந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது மின் கட்டணம் பற்றிய மறுபேச்சை ஒட்டித்தான், பறவைகளால் அல்ல. ஆனாலும் அந்தத் தீவின் பறவைகளைப் பற்றிய கேள்விகள் எழுத்தில் பதிவாகிவிட்டன.

அங்கீகாரம் மறுக்கப்பட்டால் திட்டத்தைக் கொண்டு வந்தவர் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கீகாரம் கொடுக்கப்பட்டதை எதிர்த்து ஊரார் அப்படிப் போக முடியாது. அவர்களுக்கு உள்ளது அதிகாரிகளின் முடிவை இரத்துச் செய்யக் கேட்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை மனு, அல்லது உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு. பின்னதற்கு ஒரு மாதக் காலவரையறை உண்டு. எப்பாவலவில் பொஸ்பேற் அகழும் திட்டத்தை எதிர்த்த 2000 ஆம் ஆண்டு வழக்கில், இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது என்ற நிலைப்பாட்டில் உயர் நீதிமன்றம் ஊர்க்காரர் பக்கம் நின்றது.

அங்கீகாரம் பெரும்பாலும் நிபந்தனைகளோடு வரும். எந்த மாதங்களில் வேலை செய்யக் கூடாது, கரையிலிருந்து எவ்வளவு விட வேண்டும், கண்காணிப்பு எப்படி என்றெல்லாம் அதில் எழுதியிருக்கும். அந்தக் கடிதத்தின் பிரதியை எடுத்து வையுங்கள். பிறகு திட்டத்தை மாற்றினால் அதை அங்கீகார நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும், தேவைப்பட்டால் புதிதாக அங்கீகாரமும் பெற வேண்டும். நிபந்தனையை மீறிக் கண்டல் வெட்டுவதையோ களப்புக்குள் மண் கொட்டுவதையோ கண்டால் படமும் திகதியும் இடமும் சேர்த்து அங்கீகார நிறுவனத்துக்கும், யாழ்ப்பாணத்தில் உள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபை அலுவலகத்துக்கும், பிரதேச செயலருக்கும் ஒரே நாளில் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.