வால்ட்ஸ்: வட்ட நடனமும் இல்லை, குரவையும் இல்லை

ஐரோப்பியக் கதை எதைத் தமிழில் எடுத்தாலும் அரண்மனைக் காட்சி வந்ததும் நாயகனும் நாயகியும் ‘வட்ட நடனம்’ ஆடத் தொடங்கிவிடுகிறார்கள். சப்டைட்டிலிலும் அதேதான். போதாக்குறைக்கு இப்போது ‘சுழற்குரவை’ என்று ஒன்றைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள், அதற்குத் தனித்தமிழ் ஆர்வலர்களின் கைதட்டல் வேறு. வால்ட்ஸ் என்ற ஐரோப்பிய ஆட்டத்துக்குத்தான் இந்த இரண்டு பெயரும். இரண்டுமே தப்பு. இரண்டாவது, அழகாக இருக்கிற தப்பு.

வேரை முதலில் முடித்துவிடுவோம். வால்ட்ஸ் ஜெர்மன் சொல். ‘வால்ட்ஸன்’ என்ற வினைக்கு உருளுதல், சுழலுதல் என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் தெற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கத்துக் கிராமத்து ஆட்டங்களிலிருந்து வியன்னா மாளிகைகளுக்குள் ஏறி, அப்புறம் லண்டன் வரைக்கும் போனது. தாளம் மூன்று தட்டு, முதல் தட்டில் அழுத்தம். நம் காதுக்கு அது தகிட, தகிட.

சண்டை இதற்கு அப்புறம்தான். சுழலுதல் என்ற வேரைப் பிடித்துக்கொண்டு ‘வட்டம்’ என்கிறார்கள். ஆனால் வட்டமாக ஆடுவது என்றால் தமிழனுக்குக் கண்ணில் வருவது கும்மி. ஊர்ப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து சுற்றி வருவது, நடுவில் முளைப்பாரி. வால்ட்ஸ் இதற்கு நேர் எதிரானது. அங்கே கூட்டமே கிடையாது, இரண்டு பேர்தான். ஆணின் வலக்கை பெண்ணின் முதுகில், தோள்பட்டை எலும்புக்குக் கீழே (பழைய நாளில் இடுப்பையே சுற்றி). அவளுடைய இடக்கை அவன் தோள்மேல். மற்ற இரண்டு கையும் பக்கவாட்டில் கோத்திருக்கும். முகத்துக்கு முகம் நின்றுகொண்டு சுழல வேண்டும் என்பதால் ஒருவர் கால் மற்றவர் கால்களுக்கு நடுவே போய்த்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் மிதித்துக்கொள்வார்கள். இப்படி ஒட்டிக்கொண்டு தாங்களும் சுழன்று, கூடத்தையும் இடஞ்சுழியாகச் சுற்றி வருவார்கள், பூமி தானும் சுழன்று சூரியனையும் சுற்றுவதுபோல. வியன்னா வால்ட்ஸ் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 180 தட்டு. அந்த வேகத்தில் பிடியை விட்டால் ஆளுக்கு ஒரு மூலையில் போய் விழவேண்டியதுதான். பிடி இல்லாமல் அந்த ஆட்டமே இல்லை.

அந்தப் பிடியால்தான் அத்தனை ரகளையும். அதுவரை மேல்தட்டு ஆட்டம் என்றால் மினுவெட். தள்ளி நின்று வணக்கம் சொல்லி, விரல் நுனியைத் தொட்டு, மறுபடி விலகிக்கொள்வது. அந்த மாளிகைகளில் ஆடிய ‘கன்ட்ரி டான்ஸ்’ என்ற கூட்ட ஆட்டங்களிலும் இணை மாறிக்கொண்டே இருக்கும், எல்லாரும் எல்லாரோடும் ஆடுவார்கள். வால்ட்ஸில் ஒருத்தியும் ஒருவனும் பாட்டு முடியும்வரை ஊரை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சுழல்கிறார்கள். 1816 ஜூலையில் லண்டன் அரசவை விருந்தில் வால்ட்ஸ் ஆடியதற்கு ‘தி டைம்ஸ்’ பத்திரிகை பொங்கி எழுந்தது: கை கால் பின்னலாம், உடலோடு உடல் நெருக்கமாம், பெற்றோரே உங்கள் மகள்களைக் காப்பாற்றுங்கள் என்று எச்சரிக்கை வேறு. அதற்கு மூன்று வருஷம் முன்பே கவிஞர் பைரன் புனைபெயரில் ஒளிந்துகொண்டு வால்ட்ஸைக் கிண்டலடித்து ஒரு கவிதை எழுதியிருந்தார். காதல் லீலைகளுக்குப் பேர்போன பைரன் ஒழுக்கத்துக்கு வக்காலத்து வாங்கினார் என்பது தனி வேடிக்கை!

இப்போது சொல்லுங்கள், ‘வட்ட நடனம்’ என்று படிக்கிற வாசகனுக்கு இதில் ஏதாவது போய்ச் சேருமா? கதையில் அடுத்த பக்கத்தில் அத்தைக்காரி மயங்கி விழுகிறாள், எதற்கு விழுந்தாள் என்றே அவனுக்குத் தெரியாது. கும்மி அடித்ததற்கா?

குரவைக்காரர்களுக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையை நினைத்துக்கொண்டு, ‘கைகோத்து ஆடுவதுதானே, பொருந்துமே’ என்கிறார்கள். ஏழு பேர், ஒன்பது பேர் என்று நின்று கைபிணைந்து ஆடுவது குரவை. அங்கே மாயவனைப் பாடினார்கள், குன்றக்குரவையில் முருகனைப் பாடினார்கள். எந்தக் கூட்டத்திலிருந்து இரண்டு பேரைப் பிய்த்து எடுத்ததால் வால்ட்ஸ் பாவமானதோ, அந்தக் கூட்டத்தின் பெயரையே அதற்குச் சூட்டுவது என்ன நியாயம்? பழஞ்சொல் என்பதற்காகக் கையில் கிடைத்ததை எடுத்து மாட்டினால் அது தமிழ்த் தொண்டு ஆகிவிடாது, குரவைக்கும் கேடு, வால்ட்ஸுக்கும் கேடு.

சங்க இலக்கியத்துக்குப் போவதென்றால் ஒழுங்காகப் போகலாம். துணங்கை என்ற பழைய ஆட்டத்தைச் சொல்லும் இடங்களில் ‘தழூஉ’, ‘தழீஇ’ என்று வந்துகொண்டே இருக்கும், இரண்டும் தழுவுதல்தான். ‘மகளிர் தழீஇய துணங்கையானும்’ என்கிறது குறுந்தொகை 31. பதிற்றுப்பத்து 52ஆம் பாட்டில் சேர மன்னன் ஆடுகோட்பாட்டுச் சேரலாதன் துணங்கையில் பெண்களுக்குத் ‘தலைக்கை தந்து’ ஆடிவிட்டு வர, அரசி சினந்து சிறு செங்குவளைப் பூவை அவன்மேல் எறிய ஓங்குகிறாள். ஆட்டத்தில் யார் யாருக்குக் கை கொடுத்தது என்று வீட்டில் சண்டை வருவது வியன்னாவில் தொடங்கியது இல்லை. துணங்கையும் கூட்ட ஆட்டம்தான், அதன் பெயரை நான் கேட்கவில்லை. அந்த வினையை மட்டும் கேட்கிறேன். தழுவி ஆடுவதால் ‘தழுவாட்டம்’. வால்ட்ஸ், டாங்கோ, ஃபாக்ஸ்டிராட் இந்த வகை முழுவதுக்கும் அதுவே பொதுப்பெயராக இருக்கட்டும்.

‘ஜோடி நடனம்’ போதாதா என்பார்கள். போதாது. டிவி போட்டிகளைப் பார்த்துப் பார்த்து, பத்தடி தள்ளி நின்று ஒரே மாதிரி கையை ஆட்டினாலும் அது ஜோடி நடனம் என்று ஆகிவிட்டது. ‘தழுவல்’ கொஞ்சம் ஆபாசமாக இல்லையா என்று கேட்பார்கள். ஆபாசம் என்றுதானே ஐயா அந்த ஊரிலேயே கூச்சல் போட்டார்கள்! டாங்கோவில் அந்தப் பிடிக்கே ஸ்பானிய மொழியில் பெயர் ‘அப்ராஸோ’, அதாவது தழுவல். டாங்கோவின் சொந்த ஊரான புவெனஸ் ஐரிஸ்காரர்கள் கூசாமல் சொல்கிறார்கள். 1913இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம், சீருடையில் இருக்கும் அதிகாரிகள் டாங்கோ ஆடக்கூடாது என்று தடை போட்டார். அதே டாங்கோவை 2009இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. இந்தக் கதைகளில் வரும் ‘பால்’ (ball) என்ற ஆங்கிலச் சொல் பந்து இல்லை. ஆடுதல் என்று பொருள்படும் லத்தீன் வேரிலிருந்து வந்தது, பாலேயும் அதே குடும்பம். எனவே முகமூடிப் பந்து, பந்து அறை எல்லாம் வேண்டாம். நடன விருந்து, நடனக்கூடம் என்றாலே போதும். 1910ஐ ஒட்டி அமெரிக்காவில் பாதிரிமார்கள் திட்டித் தீர்த்த ‘டர்க்கி டிராட்’ துருக்கி நாட்டு ஆட்டம் இல்லை, வான்கோழி மாதிரி வெடுக் வெடுக்கென்று போவது. ஃபாக்ஸ்டிராட்டை ‘நரி ஓட்டம்’ ஆக்குவதும் வேண்டாம். ஹாரி ஃபாக்ஸ் என்ற மேடை நடிகரால் வந்த பெயர் என்றுதான் பலரும் சொல்கிறார்கள்.

ஆட்டத்தின் பெயரை அப்படியே விடுங்கள். வால்ட்ஸ் வால்ட்ஸாகவே இருக்கட்டும், முதல் தடவை வரும்போது மட்டும் ‘வால்ட்ஸ் என்ற தழுவாட்டம்’ என்று ஒரு தடவை எழுதிவிட்டு மேலே போகலாம். அடிக்குறிப்புகூடத் தேவைப்படாது.