அது பார்க்கிங் இல்லை, நெல் காயப்போடும் களம்

சென்னையிலிருந்து விடியற்காலை கிளம்பி, ஒரு மலை ஏறி இறங்கி, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பக்கூடிய இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒன்றை இந்தத் தை மாதம் இழந்தோம். ஊர்க்காரர்கள் சீமைக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வழியை அடைத்துவிட்டார்கள். யாரும் அருவியில் விழவில்லை, வனத்துறை தடை போடவில்லை. சனிக்கிழமை விடியும் முன்பு வந்த இரண்டு கார்கள் வயலுக்குப் போகும் வண்டிப்பாதையின் வாயிலேயே நின்றன. வந்தவர்கள் மலைமேல் போய்விட்டார்கள். அவ்வளவுதான் காரணம். ஊர்ப் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த வாரம் பார்க்கவென்றே நாலு கார் போகும்.

வார இறுதிகளில் குழுக்களை மலைக்கு அழைத்துப்போவது என் தொழில். அதனால் அடிவார ஊர்களில் பலரிடம் என் நம்பர் இருக்கிறது. "தம்பி, இது உங்க ஆளுங்க வண்டியா? அறுக்கிற மிஷின் வந்து நிக்குது, சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க" என்று காலையில் போன். என் குழு அன்று வேறு மலையில். வண்டி எண்களைக் கேட்டு வாங்கி, தெரிந்த குழுக்களின் வாட்ஸ்அப்பில் எல்லாம் போட்டேன். பலனில்லை.

கதிர் அறுக்கும் இயந்திரம் மணிக்கணக்கில் வாடகைக்கு வருவது. சம்பா அறுவடை நேரத்தில் அதற்கு ஊர் ஊராக வரிசை இருக்கும். வழி அடைத்துக் கிடந்தால் ஓட்டுநர் உட்கார்ந்திருக்க மாட்டார், அடுத்த ஊருக்குப் போய்விடுவார். திரும்ப எப்போது வருவார் என்பது அவர் கையில். இடையில் ஒரு மழை பிடித்தால் சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும். மழைக்காலம் முடிந்து ஓடைகளில் தண்ணீர் ஓடுகிற, நமக்கு மலையேற மிக வசதியான அந்த மாதங்கள்தான் அவர்களுக்கு அறுவடைக் காலம்.

இரண்டு கார்களிலும் முன்கண்ணாடியில் போன் நம்பர் வைத்திருந்தார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சென்னையில் அபார்ட்மென்ட் வாசலில் குறுக்கே நிறுத்திவிட்டு நம்பரை வைத்துவிட்டுப் போவது நம் பழக்கம். கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்து எடுத்துவிடலாம். அதே பழக்கத்தோடு மலையடிவாரத்துக்கும் வருகிறோம். ஆனால் மலைமேல் டவர் கிடையாது. ஏறி இறங்க ஏழெட்டு மணி நேரம். அந்த நம்பரை ஊரில் பாதிப் பேர் மாற்றி மாற்றி அழைத்திருக்கிறார்கள். மாலையில் இறங்கி வந்தவர்களில் ஒருவர், "நம்பர் வச்சிருந்தோமே சார்" என்றாராம். அந்தச் சொல்லில்தான் ஊர் முழுதாகக் கோபப்பட்டது.

அடுத்து, எனக்கு மிகவும் வருத்தம் தருகிற நம்பிக்கைக்கு வருகிறேன். "அங்கே வேலியே இல்லையே, போர்டும் இல்லையே, அப்போ அது புறம்போக்குதானே?"

இல்லை. நன்செய் நிலத்துக்கு யார் வேலி போடுகிறார்கள்? எல்லை வரப்புதான். வரப்பு எங்கே முடிகிறது, எந்தப் புளியமரம் யாருடையது என்று ஊரில் சிறு பிள்ளைக்கும் தெரியும். அதை அறிவிக்க போர்டு வைக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இதுவரை இருந்ததில்லை. காலியாகக் கிடப்பது தரிசாகப் போட்ட பட்டா நிலமாக இருக்கலாம், அறுத்து முடித்து உளுந்து தெளித்த வயலாக இருக்கலாம். தெளித்த விதை கண்ணுக்குத் தெரியாது. உங்கள் டயர் அதை அழுத்திவிட்டுப் போனதும் உங்களுக்குத் தெரியாது. சமதளமாக, சுத்தமாக, கார் நிறுத்தவென்றே செய்துவைத்ததுபோல ஓர் இடம் இருந்தால் அது பெரும்பாலும் களம். சாணி தெளித்து, பெருக்கி, நெல்லோ கடலையோ காயப்போட வைத்திருப்பது. அதில் உங்கள் காரிலிருந்து ஒரு சொட்டு ஆயில் ஒழுகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, புறம்போக்காகவே இருக்கட்டும். புறம்போக்கு என்றால் கேட்பாரற்ற இடம் என்ற எண்ணமும் தவறு. வருவாய்த்துறைப் பதிவேட்டில் வண்டிப்பாதை, களம், மேய்க்கால், ஏரி, சுடுகாடு என்று ஒவ்வொரு புறம்போக்கும் அதன் பயனோடு எழுதப்பட்டிருக்கிறது. ஊர் முழுவதற்கும் பொதுவானது என்பதால் அதை அடைத்தால் ஒருவரை இல்லை, ஊரையே மறிக்கிறீர்கள்.

கூகுள் மேப்ஸில் யாரோ 'பார்க்கிங்' என்று குறித்து வைத்திருப்பதும் அனுமதி ஆகாது. அடிவாரங்களில் நான் பார்த்த அப்படிப்பட்ட குறிகளில் சில நேராக ஒருவரின் மாந்தோப்புக்குள் கொண்டுபோய் விடுகின்றன. போன முறை நிறுத்திவிட்டு வந்த ஒருவர் அடுத்தவர்களுக்கு உதவுவதாக நினைத்துப் போட்டிருப்பார். தோப்புக்காரரை யாரும் கேட்கவில்லை. தயவுசெய்து அடுத்தவர் நிலத்தை மேப்பில் குறிக்காதீர்கள், ஏற்கெனவே குறித்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

நகரத்துக் கண்ணுக்குப் படாத இன்னும் சில விஷயங்கள் உண்டு. பாதைக்குக் குறுக்கே, அரை அடி மண்ணுக்கு அடியில், ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்குத் தண்ணீர் போகும் பிவிசி குழாய் புதைந்திருக்கும். நடந்துபோக, சைக்கிள் போக அது தாங்கும். ஏழு பேரை ஏற்றிய கார் ஓரமாக ஒதுங்கி ஏறினால் விரிசல் விட்டுவிடும். வாய்க்கால்மேல் போட்ட கருங்கல் பலகையும் அப்படித்தான். அப்புறம் மோட்டார் கொட்டகை. ஓரமாக ஒரு சின்ன சிமென்ட் அறை, பூட்டிய இரும்புக் கதவு, யாரும் இல்லை. அதன் கதவை ஒட்டினாற்போல் நிறுத்திவிடுகிறார்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில்தான் மோட்டார் ஓடும். அந்த நேரத்தில் கதவைத் திறக்க முடியாவிட்டால் அன்றைக்குப் பாய்ச்சல் இல்லை. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் சூடான வண்டியை நிறுத்துவதைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 122வது பிரிவு, பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ தடையோ வீண் சிரமமோ வரும்படி வண்டியை விட்டுவைக்கக் கூடாது என்கிறது. போக உரிமையுள்ள வழியில் ஒருவரைப் போகவிடாமல் வேண்டுமென்றே தடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 126வது பிரிவில் வருகிறது. ஒரு மாதம் வரை சாதாரணச் சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் கிராமத்தில் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. அவர்கள் முள்ளைத்தான் வெட்டிப் போடுவார்கள், அத்தோடு நம் எல்லோருக்கும் அந்த மலை முடிந்தது.

இனி என்ன செய்யலாம்?

முதலில் கார்களைக் குறையுங்கள். பத்துப் பேருக்கு ஐந்து கார் எதற்கு? ஒரு வேன் பேசினால் ஓட்டுநர் கீழேயே இருப்பார், வழி வேண்டுமென்றால் நகர்த்தித் தருவார். இதைவிட நல்ல ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஆந்திரா பக்கம் போகிறீர்கள் என்றால் மாதவரம் நிலையத்திலிருந்து பேருந்து இருக்கிறது. தடா அருவிக்கு என்றால் புறநகர் ரயில் பாதையிலேயே தடா ஸ்டேஷன் உண்டு, அங்கிருந்து ஆட்டோ பேசிக்கொள்ளலாம்.

சொந்த வண்டிதான் என்றால் ஊருக்கு உள்ளேயே, அகலமான தெருவிலோ கோயில் முன்போ கேட்டு நிறுத்திவிட்டு அடிவாரத்துக்கு நடங்கள். மலை ஏற வந்தவருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடுதல் நடை ஒரு பாரம் இல்லை. விடியற்காலை நாலு மணிக்குப் போய் யாரைக் கேட்பது என்று சிலர் கேட்கிறார்கள். முந்தைய வாரமே கேளுங்கள். டீக்கடைக்காரர், ஊராட்சித் தலைவர், பால் சொசைட்டியில் இருப்பவர் என்று ஒருவர் நம்பர் கிடைக்காத ஊர் கிடையாது. தமிழ்நாடு வனத்துறையின் ட்ரெக் தமிழ்நாடு திட்டம் 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கியது, பூண்டிக்கு அருகே உள்ள குடியம் குகைகளும் அதில் உண்டு. வழிகாட்டிகள் உள்ளூர்க்காரர்களே. முன்பதிவு செய்ததும் வண்டியை எங்கே விடுவது என்று அவர்களிடம் கேட்டுவிடுங்கள். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை மாவட்டத்துப் பர்வதமலை போகிறவர்கள், ஏறும் வழிகளான தென்மாதிமங்கலம், கடலாடி இரண்டு பக்கமும் கூட்டத்தை மனதில் வைத்துப் போங்கள். அன்றைக்குச் சாலையோரம் நிற்கும் ஒவ்வொரு வண்டியும் ஆம்புலன்ஸின் வழியைக் குறைக்கிறது.

டிராக்டர் டிரெய்லரோடு திரும்ப இடம் இருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். நேராகப் போக மட்டும் இடம் விட்டால் போதாது. வண்டியை வெளியே போகும் திசையில் திருப்பி நிறுத்துங்கள். நம்பரை வைப்பதோடு, எத்தனை மணிக்கு இறங்குவீர்கள் என்றும் எழுதி வையுங்கள். முடிந்தால் சாவியையே ஊரில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள். கதவை அடித்துச் சாத்துவது, பாட்டுப் போடுவது, கிணற்றடியில் ஒதுங்குவது இதெல்லாம் கூடாது என்று பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருப்பது கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

இடம் கொடுத்தவருக்குப் பணம் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால் அந்த ஊர்க் கடையில் சாப்பிடுங்கள், தண்ணீர் வாங்குங்கள். ஏற்கெனவே யாருடைய வழியையாவது மறித்துவிட்டீர்கள் என்று இறங்கி வந்தபின் தெரிந்தால், கூட்டமாக நின்று வாதாடாதீர்கள். ஒருவர் மட்டும் போய் மன்னிப்புக் கேளுங்கள். உடைந்த குழாய்க்கோ வீணாய்ப்போன வாடகைக்கோ எவ்வளவு ஆயிற்று என்று நீங்களே கேட்டு, அங்கேயே கொடுத்துவிட்டு வண்டியை எடுங்கள். அடிவாரத்தில் பல இடங்களில் ஜிபே வேலை செய்யாது, கையில் ரொக்கம் வைத்திருங்கள்.