தோம்பு: சொல் விளக்கம்

கதிரையையும் அலுமாரியையும் தந்த போர்த்துக்கேயர்தான் தோம்பு என்ற சொல்லையும் யாழ்ப்பாணத்துக்குத் தந்தார்கள். கதிரையும் அலுமாரியும் வீட்டுக்குள் வந்துவிட்டன. தோம்பை இன்று வரலாறு படிப்பவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள்.

அவர்கள் மொழியில் இதை எழுதுவது 'தொம்போ' மாதிரி. வாயால் சொல்லும்போது கடைசி எழுத்து உகரமாக ஒலிக்கும். நம்மவர்கள் காதால் கேட்டபடியே எடுத்துக்கொண்டார்கள். பொருள், அரசின் பதிவேடு. லிஸ்பனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு இன்றும் 'தோம்புக் கோபுரம்' என்றே பெயர். ஏடுகள் இருந்த பழைய கோபுரம் 1755 நிலநடுக்கத்தில் விழுந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை.

1619-இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைக்குப் போனது. எந்தக் காணி யாருடையது, அதில் என்ன வரி வாங்கலாம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதற்காகத்தான் தோம்பு எழுதினார்கள். 1658-இல் வந்த ஒல்லாந்தர் இதை இன்னும் விரித்தார்கள். நிலத்தோம்பில் காணி, தலைத்தோம்பில் ஆட்கள், பள்ளிக்கூடத் தோம்பில் ஞானஸ்நானமும் கலியாணமும். ஆளைப் பதியும்போது சாதியும் பதிவானது. யார் தலைவரி கட்டுவது, யார் கூலியில்லாமல் ஊழியம் செய்வது என்பதெல்லாம் சாதியை வைத்துத்தான். ஊருக்குள் ஆளுக்கு ஆள் மாறி, பேசித் தீர்க்கக்கூடியதாக இருந்த ஒன்று, மையில் எழுதியதும் இறுகிவிட்டது. தோம்பில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்.

அப்புறம் ஆங்கிலேயர் காலத்தில், 1871-இல், இலங்கை முழுவதற்குமான முதல் தொகைமதிப்பு நடந்தது. தமிழ்நாட்டில் இதைக் கணக்கெடுப்பு என்பார்கள். எனக்கு நம் சொல்லே பிடிக்கும். 'சென்சஸ்' என்பதற்கு வேரான லத்தீன் வினைக்கும் மதிப்பிடுதல் என்றுதான் பொருள். ரோமில் ஆளோடு சேர்த்து அவர் சொத்தையும் மதிப்பிட்டார்கள், வரிக்காகவும் படைக்காகவும். கணக்கெடுப்பு என்றால் எண்ணுவது மட்டும்தான் தெரிகிறது. படலையில் நின்று "ஆர் ஆர் இருக்கிறியள்?" என்று கேட்பவர் எண்ணுவதோடு நிற்பதில்லை, இனம், மதம் என்று கட்டங்களில் நம்மைப் பிரித்தும் வைக்கிறார். 1911-இல் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று இரண்டு கட்டங்கள் வந்தன. 1948 குடியுரிமைச் சட்டம் இந்தியத் தமிழர் கட்டத்தில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது.

சரி, தோம்புக்குத் தமிழ் என்ன? பதிவேடு என்றால் பள்ளிக்கூட வரவுப் பதிவேடும் அதில் அடங்கிவிடும். சோழர் கல்வெட்டுகளில், நிலவரி பார்த்த அலுவலகத்துக்கு 'புரவுவரித் திணைக்களம்' என்ற பெயர் வருகிறது. நாம் இன்று அலுவலகங்களுக்குச் சொல்லும் திணைக்களம் அங்கேயே இருக்கிறது. அதே கல்வெட்டுகளில் 'வரிப்பொத்தகம்' என்றும் உண்டு. நிலத்தோம்புக்கு அது அப்படியே பொருந்தும். தலைத்தோம்புக்குக் குடிப்பதிவேடு என்று சொல்லலாம். கட்டுரை எழுதும்போது நான் தோம்பு என்றே எழுதி, முதல் இடத்தில் மட்டும் இந்தச் சொற்களைப் பக்கத்தில் வைக்கிறேன்.