உளுந்து மில் காந்தமும் கச்சின் மலை மண்ணும்

மியன்மாரின் பெகு நகரில் என் மாமா வேலை பார்க்கும் பருப்பு மில்லில், உளுந்து கொட்டும் வாய்க்குக் குறுக்கே நாலைந்து காந்தக் கம்பிகள் இருக்கின்றன. களத்திலிருந்து வரும் மூட்டையில் ஆணி, கம்பித்துண்டு, திருகு எல்லாம் சேர்ந்தே வரும். உள்ளே போனால் கல் கெடும். தீப்பொறி பறந்தால் தூசி பற்றிக்கொள்ளும். முன்பு இருந்த கறுப்பு ஃபெரைட் காந்தம் ஆணியைப் பிடிக்கும், இரும்புத்தூளை விட்டுவிடும். இப்போதுள்ள கம்பியில் ஒட்டிய தூளைச் சாக்குத்துணியால் அழுத்தித் துடைத்தாலும் லேசில் வராது.

இது நியோடிமியக் காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டறிந்த கலவை. எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இரும்புதான். சுமார் 30 சதவீதம் நியோடிமியம் என்ற அருமண் உலோகம், ஒரு சதவீதம் போரான்.

அப்படியானால் நியோடிமியத்துக்கு அங்கே என்ன வேலை? தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிக்கிற கூட்டம் இரும்பு அணுக்கள், பலம் அவர்களுடையது. ஆனால் இரும்பின் காந்தத் திசை எளிதில் புரண்டுவிடும். நியோடிமிய அணுவின் எலக்ட்ரான் மேகம் உருண்டையாக இல்லாததால், படிகத்துக்குள் ஒரே வாட்டத்தில்தான் பொருந்தி உட்காரும். பக்கத்து இரும்பையும் அந்தத் திசையிலேயே நிறுத்திவிடும். தேர்ச்சக்கரத்துக்குப் போடும் முட்டுக்கட்டை போல.

சூடு ஏறினால் அந்தக் கட்டை நழுவும். போன வருடம் மில்லில் தட்டு விரிசல் விட, காந்தத்தைக் கழற்றாமலே வெல்டிங் வைத்துவிட்டார்கள். மறுநாள் அந்தக் கம்பியில் ஓர் ஆணிகூட ஒட்டவில்லை. சாதாரண நியோடிமியக் காந்தம் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே பலம் இழக்கத் தொடங்கும். 310 டிகிரி வாக்கில் காந்தத்தன்மையே போய்விடும்.

மில்லுக்கு இது பெரிய தொல்லை இல்லை, உளுந்து சுடாது. போன் ஸ்பீக்கர், ஹார்ட் டிஸ்க், கரண்ட் போனால் நாம் தேடும் பேட்டரி ஃபேன், இவற்றுக்கும் சாதாரண வகையே போதும். மின்சாரக் காரின் மோட்டார் அப்படியல்ல. உள்ளே 150 டிகிரி வரை போகலாம், எதிர்க்காந்தப்புலமும் விடாமல் தாக்கும். அங்கேதான் டிஸ்புரோசியம் என்ற இன்னொரு அருமண் உலோகம் தேவைப்படுகிறது. இது இன்னும் இறுக்கமான முட்டுக்கட்டை. ஆனால் அதன் சொந்தக் காந்தத் திசை இரும்புக்கு எதிராக நிற்பதால், சேர்க்கச் சேர்க்க மொத்த இழுவிசை குறையும். விலையும் அதிகம். அதனால் அளந்துதான் போடுவார்கள்.

உலகத்துக்குக் கிடைக்கும் டிஸ்புரோசியத்தில் கணிசமான பங்கு நம் நாட்டிலிருந்து போகிறது என்பது இங்கே பலருக்குத் தெரியாது. கச்சின் மாநிலத்தில் சிப்வி, பாங்வா பக்கத்து மலைகளில் சுரங்கம் தோண்டுவதில்லை. சரிவில் துளையிட்டு அம்மோனியம் சல்ஃபேட் கரைசலை விடுகிறார்கள். களிமண்ணில் ஒட்டியிருக்கும் அருமண் அயனிகளை அம்மோனியம் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கழன்றவை கரைசலோடு அடிவாரத் தொட்டிகளுக்கு வடியும். அங்கே படியவைத்துச் சுட்டு, ஆக்சைடாகச் சீன எல்லையைக் கடக்கிறது. காந்தமாகத் திரும்பி வரும்போது நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

தொட்டிக்கு வராத கரைசல் மலைக்குள்ளேயே தங்கி ஓடைகளில் கசிகிறது. அந்தப் பக்கத்து ஓடைகள் இறங்குவது ந்மாய் கா ஆற்றுக்கு. அது மைச்சோனில் மாலி காவோடு கூடும் இடத்தில்தான் ஐராவதி பிறக்கிறது. மின்சார வண்டி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த மலையை இவ்வளவு கரைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. டிஸ்புரோசியத்தைக் கலவை முழுவதும் சேர்க்காமல், காந்தத்தின் மேல் பூசிச் சூடாக்கினால், அது உள்ளே இருக்கும் நுண்ணிய படிக மணிகளின் விளிம்பில் மட்டும் ஊறிப் பரவும். சூட்டில் காந்தம் முதலில் விட்டுக்கொடுப்பது அந்த விளிம்பில்தான், ஆகவே கொஞ்சமே போதும். அப்புறம், பழைய மோட்டார் காந்தத்தை ஹைட்ரஜன் வாயுவில் வைத்தால் அது தானாகவே பொடியாக உதிரும். அதே பொடியை அழுத்திச் சுட்டுப் புதுக் காந்தம் செய்யலாம். வெல்டிங்கில் செத்த அந்த மில் கம்பியைத் தூக்கிப்போட வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.