நார்மலைஸ்: இயல்பாக்குவதா, வழமையாக்குவதா?

'நார்மலைஸ்' என்ற ஆங்கில வினைச்சொல்லைத் தமிழில் எழுதும்போது பலரும் 'இயல்பாக்கு' என்று போட்டுவிடுகிறார்கள். பாதி இடங்களில் அது பொருந்தாது.

இதன் வேர் லத்தீன் மொழியின் 'நோர்மா'. தச்சர் கையில் இருக்கும் மூலைமட்டத்துக்கு அந்த மொழியில் அதுதான் பெயர். அதனால் 'நார்மல்' முதலில் செங்கோணமாக நிற்பதையே குறித்தது. உயர்தரக் கணிதத்தில் நாம் படிக்கும் 'செவ்வன்' அந்தப் பழைய பொருளில் வருவதுதான். 'வழக்கமானது' என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. வினைச்சொல்லும் அந்த நூற்றாண்டுக்குரியது.

ஒன்று தானாகப் பழைய நிலைக்கு வருவதற்கும், அதை ஒருவர் கொண்டுவருவதற்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல். தமிழில் தன்வினையும் பிறவினையும் தனித்தனியாக இருக்கின்றன. மார்கழி மழை விட்டு, வெள்ளம் வற்றி, கல்முனை - அக்கரைப்பற்று வீதியில் பஸ் ஓடத் தொடங்கினால் போக்குவரத்து 'வழமைக்குத் திரும்பியது'. அறுந்த கம்பியை மின்சார சபை ஆட்கள் இழுத்துக் கட்டினால், மின்விநியோகத்தை 'வழமைக்குக் கொண்டுவந்தார்கள்'. மட்டக்களப்பில் பேச்சில் கேட்டால் 'எல்லாம் பழையபடி வந்திற்று' என்பார்கள். அதையே எழுத்திலும் எழுதலாம், ஒரு குறையும் இல்லை.

சரி, 'இயல்பு' ஏன் உறுத்துகிறது? நன்னூலில் இயல்பு என்பது மாற்றமின்றி இருப்பது. வாழையும் மரமும் சேர்ந்தால் 'வாழைமரம்', எழுத்து எதுவும் மாறவில்லை, அது இயல்புப் புணர்ச்சி. மாறினால் விகாரம். யாரும் ஆக்காமல் தானாக அமைவதே இயல்பு. வழமை அப்படியல்ல, மனிதர் திரும்பத் திரும்பச் செய்து நிலைக்க வைப்பது. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டத்துக்குத் 'தேசவழமை' என்று பெயர் நின்றதும் இந்தப் பொருளில்தான்.

இந்த வேறுபாடு மிகவும் தேவைப்படுவது அண்மையில் பரவிய பொருளில்: ஏற்கக் கூடாத ஒன்றை, பரவாயில்லை என்று எல்லோரும் கடந்துபோகும்படி செய்வது. நுண்கடன் தவணை கேட்டு வருபவர் இருட்டும்வரை ஒரு பெண்ணின் வாசலில் குந்தியிருக்கிறார், பக்கத்து வீட்டார் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போகிறார்கள். இதை 'இயல்பாக்கிவிட்டோம்' என்று எழுதினால் அந்தக் கொடுமைக்கு ஓர் இயற்கைத்தன்மை ஒட்டிக்கொள்கிறது. 'வழமையாக்கிவிட்டோம்' என்று எழுதினால் செய்தவர்களும் பொறுத்தவர்களும் வாக்கியத்துக்குள் இருக்கிறார்கள். எனக்கு இந்தச் சொல்தான் வேண்டும்.

உடல்நிலைக்கு இரண்டும் வேண்டாம். இரத்த அழுத்தம் 'சீரானது', மருந்து அதைச் 'சீராக்கியது'.