பெருமூளை வாதமுள்ள குழந்தைகளுக்கு இணையவழி உடற்பயிற்சி: பெற்றோர் அறிய வேண்டியவை

வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடலசைவு கட்டுப்படாமல் போகும் பெருமூளை வாதமுள்ள குழந்தைக்கு வீடியோ அழைப்பு வழியே உடற்பயிற்சி அளிக்க முடியுமா என்று பெற்றோர் கேட்கும்போது, முடியும், ஆனால் குழந்தையோடு சேர்ந்து நீங்களும் பயிற்சி பெற வேண்டும் என்றே சொல்லி வருகிறேன். நேரடிச் சிகிச்சையில் குழந்தையின் இடுப்பை என் கை தாங்குகிறது. இணையவழியில் அந்தப் பொறுப்பு தாயின் கைக்கோ தந்தையின் கைக்கோ வந்துவிடுகிறது. எங்கே பிடிக்க வேண்டும், எப்போது பிடியை விட வேண்டும் என்று அந்தக் கைக்குக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி.

முதல் மதிப்பீட்டை நேரில்தான் செய்ய வேண்டும்; இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, மூட்டு எதுவரை மடங்குகிறது என்பதெல்லாம் தொட்டு அசைத்துப் பார்த்தால்தான் தெரியும். குழந்தை எவ்வளவு தானாக உட்கார, நடமாட முடிகிறது என்பதைக் காட்டும், 1997 முதல் பயன்பாட்டில் உள்ள ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற ஐந்து நிலை வகைப்பாட்டில் (முதல் நிலை மிக லேசானது, ஐந்தாம் நிலை மிகக் கடுமையானது) குழந்தை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டறியுங்கள்; பயிற்சியின் இலக்கு அதைப் பொறுத்தே அமையும். நான்காம், ஐந்தாம் நிலைக் குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும் அபாயம் மிக அதிகம். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது என்பதால், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துத்தான் அதைக் கண்டறிய முடியும். இணையவழிப் பயிற்சி ஒழுங்காக நடக்கிறது என்ற நிம்மதியில் சிலர் அந்த எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

முக்காலியிலிருந்து எழுந்து நிற்கும் பயிற்சியை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் செல்பேசியைத் தங்கள் முக உயரத்தில் பிடிக்கிறார்கள். அப்போது குழந்தையின் முகம் தெரியும், குதிகால் தெரியாது. குழந்தையின் முழங்கால் உயரத்தில், பக்கவாட்டில் செல்பேசியைச் சாய்த்து வைத்தால், எழும் நொடியில் குதிகால் தரையை விட்டுக் கிளம்புவதும் உடல் பின்னுக்குத் தள்ளுவதும் தெளிவாகத் தெரிந்துவிடும். உடனே, போர்வையைக் கெட்டியாக மடித்து முக்காலியின் மேல் போட்டு உயரத்தைக் கூட்டச் சொல்வேன். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் வைக்கச் சொல்வேன். கைகளைப் பிடித்துத் தூக்குவதை விட்டுவிட்டு, குழந்தைக்குப் பிடித்த பொம்மையை முன்னால் நீட்டச் சொல்வேன். அதை எட்டுவதற்காகக் குழந்தை முன்னே சாயும்போது உடலின் பாரம் பாதங்களில் இறங்குகிறது; பிறகு தன் கால்களின் பலத்தாலேயே எழ முயல்கிறது. தினமும் உட்காரும் அதே முக்காலியில் இதைக் கற்பதால், சிகிச்சைக்கூடத்தில் கற்றதை வீட்டுக்கு மாற்றிப் பழக வேண்டிய சிரமமும் இல்லை.

குழந்தையைப் படுக்க வைத்து, அது அழ அழக் கால்களை நீட்டி மடக்குவதே உடற்பயிற்சி என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. பிறர் அசைத்துவிடும் அசைவினால் மட்டும் இயக்கத் திறன் வளர்வதில்லை. குழந்தை தானாக முயன்று, ஒரே செயலைப் பலமுறை செய்யும்போதுதான் மூளை அதைக் கற்கிறது. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் செய்வதைவிட, உடை மாற்றும்போதும் விளையாடும்போதும் பத்துப் பத்து நிமிடங்களாகச் செய்வதையே நான் பரிந்துரைக்கிறேன். இக்குழந்தைகள் தாம் எட்டக்கூடிய உடல் இயக்கத் திறனில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைச் சுமார் 5 வயதுக்குள்ளும், பாதிப்பு மிகக் கடுமையாக உள்ளவர்கள் 3 வயதுக்கு முன்பும் எட்டிவிடுகிறார்கள் என்பதால், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த வயதைக் கடந்த குழந்தைகளுக்கும் தசை வலிமையையும் மூட்டின் அசைவையும் காக்கப் பயிற்சி தேவைதான்.

வலிப்பு நோய் இருந்தால், கடைசியாக எப்போது வலிப்பு வந்தது என்பதை ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் சொல்லிவிடுங்கள். அறுவை சிகிச்சையோ, இறுகிய தசையைத் தளர்த்தப் போடும் போட்டுலினம் ஊசியோ முடிந்த பிறகு, நேரில் பரிசோதிக்காமல் பழைய பயிற்சிகளைத் தொடர வேண்டாம். நிற்க இயலாத குழந்தைகளின் எலும்புகள் வலுவிழந்திருக்கக்கூடும். கீழே விழாமலேயே எலும்பு முறிவு ஏற்படலாம். தொடையிலோ முழங்காலிலோ திடீரென வீக்கம் தெரிந்தாலும், உடை மாற்றும்போது வழக்கத்துக்கு மாறாகக் குழந்தை அழுதாலும், பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.