கூட வருவதற்குப் பெயர் ‘மாற்று’ இல்லை

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து நான்காவது மாதம். மூன்றாவது கீமோ முடிந்திருந்தது. பினாங்கில் ஒரு மருத்துவமனை. காத்திருந்த இடத்தில் தாதி ஒரு கையேட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் அச்சாகியிருந்தது. தமிழ்ப் பக்கத்தின் தலைப்பு, ‘புற்றுநோயாளிகளுக்கான மாற்று மருத்துவச் சேவைகள்’. பெரியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “அப்ப, இதை எடுத்தா கீமோ போட வேணாமா?”

கையேட்டை வாங்கி மலாய்ப் பக்கத்தைப் பார்த்தேன். ‘கொம்ப்ளிமெந்தாரி’ என்று இருந்தது, சிகிச்சையோடு கூடச் செய்வது என்ற பொருளில். பதிலாகச் செய்வதைக் குறிக்கும் ‘அல்தர்நாத்திஃப்’ என்ற சொல் தேடினாலும் இல்லை. உள்ளே சொல்லியிருந்ததெல்லாம் குமட்டலுக்கும் வலிக்கும் அக்குபங்சர், மூச்சுப்பயிற்சி, உடம்பைப் பிடித்துவிடும் உருட்டு, இவ்வளவுதான். கீமோவை நிறுத்தச் சொல்லி ஒரு வரிகூடக் கிடையாது. தலைப்பு மட்டும் நிறுத்தச் சொல்லியது.

மொழிபெயர்ப்பும் மெய்ப்புப் பார்ப்பதும் என் பிழைப்பு. இந்தத் தப்பைச் செய்தித்தாளில் பார்த்தேன், கருத்தரங்கப் பதாகையில் பார்த்தேன், பேசாமல் இருந்துவிட்டேன். பெரியம்மா கேட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

இந்தத் துறையில் புழங்கும் மூன்று ஆங்கிலச் சொற்களின் வேர்ச்சொல் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘காம்ப்ளிமென்டரி’ லத்தீனில் நிரப்புதல், முழுமையாக்குதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. ‘ஆல்டர்நேட்டிவ்’ வந்தது ‘ஆல்டர்’ என்பதிலிருந்து. இரண்டில் மற்றது என்று பொருள். ‘இன்டகிரேட்டிவ்’ என்பதற்கு மூலம் ‘இன்டெகர்’, அதாவது குறைபடாத முழுமை. மூன்றும் மூன்று திசை. ஹோட்டலில் காலை உணவை ‘காம்ப்ளிமென்டரி’ என்பார்களே, அது ஓர் எழுத்து வேறான இன்னொரு சொல். அதை நினைத்துக்கொண்டு ‘இலவச மருத்துவம்’ என்று எழுதியவரையும் நான் பார்த்திருக்கிறேன். அவரை மன்னித்துவிடலாம், அவரால் யாரும் சிகிச்சையை விடப்போவதில்லை.

‘மாற்று’க்கு வருவோம். நல்ல சொல்தான். பத்தரை மாற்றுத் தங்கம் என்னும்போது அது தரத்தைக் குறிக்கிறது. ஆனால் வேறொரு பெயருக்கு முன்னால் அடையாக வந்து நின்றால் தமிழ்க் காதுக்கு ஒரே பொருள்தான்: இதற்குப் பதில் அது. மாற்றுத்துணி என்றால் உடுத்தியதைக் களைந்துவிட்டு உடுத்துவது. மாற்றாந்தாய் வந்த வீட்டில் பெற்ற தாய் இல்லை. பினாங்குத் தீவுக்குப் போகும் முதல் பாலத்தில் விபத்து என்றால் வானொலியில் ‘மாற்றுப் பாதையாக இரண்டாவது பாலத்தைப் பயன்படுத்துங்கள்’ என்கிறார்கள். 2014இல் அந்தப் பாலம் திறந்ததிலிருந்து இதைக் கேட்டு வருகிறோம். ஒரே காரில் இரண்டு பாலத்திலும் ஒரே நேரத்தில் போனவர் யாராவது உண்டா? பெரியம்மா தமிழைத் தப்பாகப் படிக்கவில்லை. தமிழ்தான் அவருக்குத் தப்பாக எழுதப்பட்டிருந்தது.

‘எல்லாருக்கும் பழகிவிட்ட சொல், விடுங்களேன்’ என்று நண்பர் ஒருவர் சொன்னார். தலைவலித் தைலத்துக்கு என்றால் நானும் விட்டிருப்பேன். புற்றுநோயில் பதிலாக எடுப்பதும் கூட எடுப்பதும் இரண்டு வேறு முடிவுகளுக்குக் கொண்டுபோகும். யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். பரவாத நிலையில் இருந்த மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோய்களுக்கு வழக்கமான சிகிச்சையை விட்டுவிட்டு மாற்று வழியை மட்டும் தேர்ந்தவர்கள் 281 பேர். சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயை மட்டும் பிரித்துப் பார்த்தால் ஐந்து மடங்குக்கும் மேல். அதே ஆண்டு அவர்களின் இன்னோர் ஆய்வும் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு வேறு வகைகளையும் சேர்த்துக்கொண்டவர்களைப் பற்றியது அது. அவர்களிலும் ஒரு பகுதியினர் அறுவையையோ கீமோவையோ கதிர்வீச்சையோ மறுத்திருந்தார்கள். அபாயம் கூடியது அந்த மறுப்பால்தான். ‘கூட’ என்று தொடங்குவது சத்தமில்லாமல் ‘பதிலாக’ என்று ஆகிவிடுகிறது. அந்த வழுக்கலுக்கு எண்ணெய் ஊற்றும் வேலையை நம் தலைப்புகள் செய்ய வேண்டுமா?

இந்தச் சொல்லைக் கொண்டாடுகிறவர்கள் விற்பவர்கள். புற்றுநோய் குணமாகும் என்று மருந்து விளம்பரம் செய்ய நம் மலேசியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டமே தடை போட்டிருக்கிறது. ‘குணமாகும்’ என்று எழுதினால் மாட்டிக்கொள்வார்கள். அதனால் வாட்ஸ்அப்பில் வருவது ‘புற்றுநோய்க்கு மாற்று வழி’. சொல்ல வேண்டியதை எல்லாம் அந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

அமெரிக்க அரசின் ஆய்வு நிறுவனம் ஒன்று இதே துறைக்கு இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதன் பெயரில் ‘ஆல்டர்நேட்டிவ்’ மட்டும்தான் இருந்தது. 1998இல் ‘காம்ப்ளிமென்டரி’யும் சேர்ந்தது. 2014 டிசம்பரில் ‘ஆல்டர்நேட்டிவ்’வை எடுத்துவிட்டு ‘இன்டகிரேட்டிவ்’வை வைத்தார்கள். நம் நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரும் பாரம்பரியம், கொம்ப்ளிமெந்தாரி என்ற இரண்டோடு நிற்கிறது. சட்டத்திலேயே இல்லாத சொல் தமிழில் மட்டும் எங்கிருந்து முளைக்கிறது? அரசு மருத்துவமனைகளில் இதற்கான பிரிவு முதன்முதலில் 2007இல் தொடங்கியதும் நம் பினாங்கு மாநிலத்தில்தான், கெப்பாளா பத்தாஸில். மருத்துவமனைக்குள்ளேயே இருக்கும் ஒன்று அந்த மருத்துவமனைக்கு எப்படி மாற்றாகும்?

சரி, வேறு என்ன சொல்லலாம்?

‘நிரப்பு மருத்துவம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். மூலச்சொல்லுக்கு நேர், குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழ்ப்பள்ளியில் படித்தவருக்கு நிரப்பு என்றால் நிரப்புக் கோணம், இரண்டும் சேர்ந்து 90 பாகை. கீமோ 60 பாகை, மஞ்சள் 30 பாகை என்றா கணக்கு? இதில்லாமல் கீமோ அரைகுறை என்ற எண்ணத்தை அது உள்ளே விட்டுவிடுகிறது. கணக்கு மறந்துபோனவர்களுக்குப் பல் அடைப்பது நினைவுக்கு வரும்.

‘இணை மருத்துவம்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இணை என்றால் சமம், சோடி. மூச்சுப்பயிற்சியைக் கீமோவுக்குச் சமமாக உட்கார வைக்க முடியாது.

எனக்குப் பிடித்தது ‘துணை’. துணை என்று சொன்னதுமே போகிற ஆள் வேறு, கூட வருகிற ஆள் வேறு என்பது தெரிந்துவிடுகிறது. மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறளில் வள்ளுவர் நால்வரைச் சொல்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, உழைச்செல்வான். உழை என்றால் பக்கம். பக்கத்திலேயே இருந்து பார்ப்பவரையும் மருத்துவத்தின் நான்கில் ஒரு கூறாக வைத்திருக்கிறார், ஆனால் மருத்துவரின் இடத்தில் வைக்கவில்லை.

நம் வீடுகளில் இது புதிதும் இல்லை. பிள்ளை பெற்று வந்த பெண்ணுக்கு மருந்துச்சாமான் அரைத்துக் குழம்பு வைக்கிறோம், பூண்டை வதக்கிச் சோற்றில் போடுகிறோம். அக்கம்பக்கத்து மக் பீடான், அதாவது மலாய் மருத்துவச்சி, வந்து எண்ணெய் தேய்த்து உருட்டிவிட்டு, சுட்ட கல்லைத் துணியில் பொதிந்து வயிற்றில் ஒற்றி, வயிற்றைச் சுற்றி பெங்குங் துணியை இறுக்கிக் கட்டிவிட்டுப் போகிறார். இதை யாராவது பிரசவத்துக்கு மாற்று என்று சொன்னதுண்டா? குழந்தை பிறந்தது மருத்துவமனையில். இது உடம்பு தேற.

‘துணை’க்கு இரண்டு சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். தமிழ்நாட்டில் ‘துணை மருத்துவப் படிப்பு’ என்றால் ஆய்வகம், எக்ஸ்ரே போன்ற வேலைகளுக்கான படிப்பு. அதனால் ‘துணை மருத்துவம்’ என்பதைவிடத் ‘துணைச் சிகிச்சை’ என்பதுதான் குழப்பமில்லாதது. சிகிச்சை வடசொல்லாயிற்றே, ‘துணைப் பண்டுவம்’ என்று வையுங்கள் என்று தூயதமிழ் அன்பர் ஒருவர் சொன்னார். பண்டுவம் அழகான சொல், நானும் கதையில் எழுதுவேன். கீமோ நாற்காலியில் கையில் ஊசியோடு இருப்பவரிடம் கொடுக்கும் தாளில் எழுத மாட்டேன். அங்கே முதல் பார்வையில் புரிய வேண்டும்.

இரண்டாவது சிக்கல் பெரிது. அறுவைக்குப் பிறகு, கண்ணுக்குத் தெரியாமல் மிஞ்சிய அணுக்களை அழிக்கத் தரும் கீமோவை ‘அட்ஜுவன்ட்’ என்பார்கள். அதையும் ‘துணைச் சிகிச்சை’ என்று போட்டிருந்ததைத் திருத்தக் கொடுத்த தாளில் பார்த்துத் திடுக்கிட்டேன். உருட்டுக்கும் உயிர் காக்கும் கீமோவுக்கும் ஒரே பெயர்! அதற்குப் புதுச்சொல்லே வேண்டாம். ‘அறுவைக்குப் பின் தரும் கீமோ’ என்று எழுதினால் கை வலிக்காது.

‘இன்டகிரேட்டிவ்’வுக்கு ‘ஒருங்கிணைந்த’ போதும். ஒருவர் கொடுப்பது மற்றவருக்குத் தெரிந்திருந்தால்தான் அந்தப் பெயர் பொருந்தும். துணை என்று பெயர் வைத்ததால் எல்லாம் சாது என்றும் எண்ணக்கூடாது. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை சில புற்றுநோய் மருந்துகளின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். மாறாக, மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரையால் வரும் மூட்டுவலிக்கு அக்குபங்சரை 2022இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டியே பரிந்துரைத்தது. வலிக்குத்தான், கட்டியைக் கரைக்க இல்லை.

இவ்வளவு யோசித்துவிட்டுக் காத்திருப்பவர்கள் பேசுவதைக் கவனித்தேன். அங்கே யாரும் மாற்று என்றும் சொல்லவில்லை, நிரப்பு என்றும் சொல்லவில்லை. “மருந்தோட கூட யோகாவும் போறேன்” என்றார் ஒருவர். பெரியம்மாவும் இப்போது மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாணுக்கு நடுவில் அழுத்திக்கொண்டு, “இது வாந்திக்கு, மருந்தோட கூட செய்யறது” என்கிறார். ‘கூட’. மொழிபெயர்ப்பாளர் அறைக்கதவைத் திறந்து வெளியே வந்திருந்தால் போதும், சொல் வாசலிலேயே கிடந்தது.

திருத்தத்தை எழுதி மருத்துவமனைக்கு அனுப்பினேன். நன்றி சொல்லிப் பதில் வந்தது. பெரியம்மா கதிர்வீச்சுக்குப் போய்வரத் தொடங்கிய சமயம் புதிய அச்சும் வந்துவிட்டது. தலைப்பு, ‘மாற்று மற்றும் துணைச் சிகிச்சைகள்’. நான் வாய் திறக்கும் முன்பே பெரியம்மா என் பேனாவை வாங்கி முதல் இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு, கையேட்டைப் பக்கத்து நாற்காலியில் இருந்த இன்னோர் அம்மாவிடம் நீட்டினார்.